பதினோரு பாட்டும் ஓர் இருமலும்

எலியேசர் செத்து இருபத்தாறு வருஷம் கழித்து அவனுக்கு இருமல் வந்தது. நான்காவது பாட்டில், இரண்டாவது சரணம் முடிந்து கிட்டார் தனியாகப் போகும் இடத்தில், முதலில் தொண்டையைச் செருமுவதுபோல ஒன்று, பிறகு அடக்கப் பார்த்து முடியாமல் இரண்டு, கடைசியில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருமினால் எப்படிக் கேட்குமோ அப்படி ஒரு நீளமான இருமல். அவன் பெண்டாட்டி சலோமி ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே டேப் ரிக்கார்டர் பக்கம் திரும்பி, "தண்ணி வேணுமா" என்று கேட்டாள். யாரிடம் கேட்டோம் என்பது உறைத்த பிறகுதான் கத்தியைக் கீழே வைத்தாள்.

அது தங்கம் தோண்டிய ஊர். நூறு வருஷத்துக்கும் மேலாகத் தோண்டி, தோண்டியதை எங்கோ அனுப்பிவிட்டு, கழிவு மண்ணை மட்டும் மலை மலையாகத் தன் பங்குக்கு வைத்துக்கொண்ட ஊர். ஜோலார்பேட்டை, குடியாத்தம் பக்கத்திலிருந்து கொள்ளுத்தாத்தா காலத்தில் வந்தவர்கள், வரிசை வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் இருந்துகொண்டு, கன்னட நாட்டில் தமிழ் பேசி, தமிழில் ஜெபம் செய்து, ஏழாயிரம் அடிக்குக் கீழே இறங்கி ஏறி, நெஞ்சில் கல் தூசியோடு செத்துக்கொண்டிருந்தார்கள். எலியேசரும் அவர்களில் ஒருவன். கீழே பாறையில் துளை போடுகிற வேலை. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தொழிலாளர் மன்றத்து மேடையில் ஏறுவான்.

அவன் பாடியதற்கு அந்த ஊரில் பேர் கிடையாது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஊரைவிட்டுப் போகும்போது கிளப்பில் போட்டுவிட்டுப் போன இசைத்தட்டுகளில், கறுப்பு மனிதர்கள் அடிவயிற்றிலிருந்து அழைத்துப் பாடும் பாட்டுகள் சில இருந்தன. சொல் ஒன்றுகூடப் புரியாமல் அந்த அழைப்பை மட்டும் பிடித்துக்கொண்டு, எலியேசர் அதில் தன் சொற்களைப் போட்டான். 'மேல வெயில் கீதா, சொல்லு கண்ணு' என்று, மேலே வெயில் இருக்கிறதா எனக் கீழேயிருந்து கேட்கிற ஒரு பாட்டு. அதை அவன் இழுத்து, உடைத்து, மறுபடி இழுத்துப் பாடினால், எட்டு மணி நேரம் இருட்டில் இருந்துவிட்டு வந்தவர்கள் மன்றத்துக் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். சபையின் பெரியவர்கள் மட்டும், கேட்கிறவர்களுக்கு இடுப்பு அசைகிறது என்று குறை சொன்னார்கள்.

எழுபத்து நான்கில் கிளப்பின் பெரிய ரிக்கார்டரைக் கொண்டுவந்து, மன்றத்திலேயே வைத்துப் பதினோரு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். மேடையை ஒட்டிய முதல் வரிசையில் சலோமி உட்கார்ந்திருந்தாள். மறு வருஷம் பாறை வெடித்தது. பூமியின் உள்ளே இருக்கும் அழுத்தம் ஒருநாள் பொறுக்காமல் பாறையைச் சிதறடிக்கும். அன்று மேலே வீடுகளில் தட்டுமுட்டுச் சாமான்கள் ஆடும். ஆடியதும் பெண்கள் எல்லாரும் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். சலோமியும் ஓடினாள். அவளுக்கு வயது இருபத்து மூன்று, வயிற்றில் ஆறு மாசம். எலியேசருக்கு இருபத்தெட்டு. மூடிய பெட்டியைக் கொடுத்தார்கள், திறக்க வேண்டாம் என்றார்கள். குழந்தை எட்டாம் மாசத்திலேயே பிறந்து, ஒன்பது நாள் இருந்துவிட்டுப் போனது. பெண் குழந்தை. அப்பனுக்குத் தெரியாத அந்த ஒன்பது நாளைச் சலோமி யாரிடமும் பேசியதில்லை.

பாட்டுகள் மிஞ்சின. பெரிய ரிக்கார்டரிலிருந்து கேசட்டுக்கு, கேசட்டிலிருந்து கேசட்டுக்கு என்று ஊரில் நாற்பது வீடுகளில் எலியேசர் இருந்தான். வேறெங்கும் அவனை யாருக்கும் தெரியாது. சலோமி பெங்களூர் கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, விடியற்காலை ரயிலில் போய் இருட்டி வருகிறவள் ஆனாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்ததும் கேசட்டைப் போடுவாள். முதலில் அழுதாள், பிறகு பழகிப்போனாள், பிறகு வெட்கப்பட ஆரம்பித்தாள். இவளுக்கு முப்பத்தைந்து ஆனபோதும் அவனுக்கு இருபத்தெட்டு. இவளுக்கு முடி நரைத்தபோதும் அவனுக்கு இருபத்தெட்டு. நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு, தன் மகன் வயசுப் பையன் ஒருவன் தன்னைக் கண்ணே என்று கூப்பிடுவதுபோல் இருந்தது அவளுக்கு.

அப்புறம் சுரங்கத்தை மூடினார்கள். நூறு வருஷமாக நிற்காத இயந்திரங்கள் நின்றன, சங்கு நின்றது, தண்ணீர் இறைத்த பம்புகள் நின்று, ஆழத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. ஊருக்கு முதல்முறையாக நிசப்தம் என்றால் என்னவென்று தெரிந்தது. அந்த நிசப்தத்தில்தான் நாற்பது வீட்டுக்காரர்களும் ஒரே சமயத்தில் கவனித்தார்கள்: எலியேசரின் குரல் இருபத்தெட்டு வயசுக் குரல் இல்லை. ஐம்பதைத் தாண்டிய ஆளின் குரல். எப்போது மாறியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கூடவே இருந்து மூப்படைந்தவனின் முகத்தில் சுருக்கம் விழுந்த நாளை எந்த வீட்டில் குறித்து வைக்கிறார்கள்?

கேசட் கடைக்காரர் ஆல்கஹால் தொட்டு ஹெட்டைத் துடைத்துப் பார்த்தார், பெல்ட்டை மாற்றிப் பார்த்தார். நாற்பது கேசட்டிலும் ஒரே இடத்தில் ஒரே இருமல். "மிசின்ல ஒண்ணுமில்ல. ஆளுக்குத்தான் ஒடம்பு சரியில்ல" என்று சொல்லிக் கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊர் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. தண்ணீர்க் குழாயடியில் "எலியேசருக்கு எப்பிடி கீது" என்று விசாரித்தார்கள். சுக்கும் மிளகும் தட்டிப்போட்ட கஷாயத்தை டேப் ரிக்கார்டர் முன்னால் வைத்துவிட்டு, ஆறியதும் எடுத்துப்போய்க் கொட்டினார்கள். சபையில் செத்தவர்களுக்காக ஜெபிக்கும் வழக்கம் இல்லை என்று பாஸ்டர் இரண்டு வாரம் தயங்கினார். நோயாளிகளுக்காக ஜெபிப்பதில் தடை ஏதும் இல்லை என்று யாரோ எடுத்துச் சொன்னதும், சுகவீனமானவர்கள் பட்டியலில் சகோதரர் எலியேசர் என்று வாசித்தார்.

கம்பவுண்டர் வேதமாணிக்கம், முப்பது வருஷம் சுரங்கத் தொழிலாளிகளின் நெஞ்சைக் கேட்டவர், ஒரு ஞாயிறு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்பீக்கரின் வலையில் அதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூச்சை இழுத்து விடச் சொல்லும்மா."

"பாடறவரை எப்பிடி மாமா மூச்சு வுடச் சொல்றது?"

"சரி, ரெண்டு அடிக்கு நடுவுல இழுப்பான் இல்ல. அத்தைக் கேட்டுக்கறேன்."

மூன்று பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"கல்லு தூசிதான். நம்ப ஆளுங்களுக்கெல்லாம் வர்றதுதான்."

"அவுரு வேல செஞ்சதே ஒம்போது வருசம் மாமா. அதுக்குள்ள இவ்ளோ தூசியா?"

வேதமாணிக்கம் அவளைப் பார்க்காமல் சொன்னார். "ஒம்போது வருசத்து நெஞ்சு இல்லம்மா இது. முப்பத்தஞ்சு வருசத்து நெஞ்சு. செத்த பின்னாலயும் கீழதான் வேல செஞ்சிக்கினு இருந்துருக்கான். ஷிப்ட் முடிஞ்சுது, மேல வான்னு அவன்கிட்ட யாரும் சொல்லல போல."

அன்று முழுதும் சலோமி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னால், துக்கத்தோடு கூடவே ஒரு சந்தோஷமும் அவளுக்குள் எட்டிப் பார்த்தது. அவன் இப்போது தன் வயசுக்காரன். தனக்கு முழங்கால் வலித்தால் அவனுக்கு மூச்சு வாங்குகிறது. மேல் ஸ்தாயியில் அவன் எட்டிப் பிடித்த இடங்களை இப்போது எட்டாமல் கீழேயே சுற்றி வருகிறான். 'மேல வெயில் கீதா' என்று அந்தக் கிழட்டுக் குரலில் கேட்கும்போது, இளசில் இல்லாத ஏதோ ஒன்று, பதிலை எதிர்பார்க்காமல் கேட்கிறவனின் பொறுமை, அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நல்ல புடவையாக எடுத்துக் கட்டினாள். பக்கத்து வீட்டு அமுதவல்லி பார்த்துவிட்டு, "இன்னாக்கா, எங்கன்னா கெளம்பறியா" என்று கேட்டாள்.

"இல்ல, வூட்லதான்" என்றாள் சலோமி. தலையில் கனகாம்பரம் இருந்தது.

அந்தச் சந்தோஷம் எட்டு மாசம் இருந்தது. அதற்குள் இருமல் நான்காவது பாட்டிலிருந்து ஆறாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் பரவிவிட்டது. பாடப்பாட அவனுக்குக் களைத்துப்போகிறது, கேசட்டைப் போடாமல் ஓய்வு கொடுங்கள் என்றார் வேதமாணிக்கம். லெந்து என்னும் தவக்காலம் நாற்பது நாளும் ஊரில் ஒருவரும் போடவில்லை. ஈஸ்டர் அன்று மன்றத்தில் எல்லாரும் கூடி உட்கார்ந்து போட்டபோது, குரல் முன்னைவிட மோசமாக இருந்தது. கேட்க ஆளில்லாமல் படுத்துக் கிடந்தவனின் குரல். அவனுக்கு டிரம் வாசித்த தயாளன், பேண்டில் உயிரோடு மிஞ்சியிருந்த ஒரே ஆள், எழுந்து நின்றான்.

"நாம கேட்டாலும் அவனுக்கு வயசாவுது, கேக்கலேன்னாலும் வயசாவுது. இருட்டுல தனியா இருமிக்கினு கெடக்கறானே. யாராச்சும் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்."

முறை வைத்துக்கொண்டார்கள். வேலை இல்லாத ஆண்கள்தான் ஊரில் நிறைய இருந்தார்களே. திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு. நோயாளி வீட்டுக்குப் போவதுபோல பழம் வாங்கிக்கொண்டு போய், பதினோரு பாட்டையும் கேட்டுவிட்டு, இன்றைக்குப் பரவாயில்லை என்றோ, இன்றைக்கு அவ்வளவு நன்றாக இல்லை என்றோ சொல்லிவிட்டு வந்தார்கள். ஞாயிறு மட்டும் அவரவர் வீட்டில் கேட்டுக்கொண்டு, சலோமியை அவனோடு விட்டுவிட்டார்கள்.

மறு வருஷம், மழைக்கு முன்னால், பெங்களூரிலிருந்து ரகுவீர் என்பவர் வந்தார். பழைய பாட்டுகளைத் தேடிச் சேர்க்கிறவர். ரயிலில் யாரோ ஒரு ஆள் முணுமுணுத்துக்கொண்டு வந்ததைக் கேட்டு, விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் அழியாது, என்ன இருக்கிறதோ அது அப்படியே நூறு வருஷம் இருக்கும் என்றார். சலோமி அதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

"அப்பிடியேன்னா, இதுக்குமேல மோசமாவாதா?"

"ஆகாதும்மா. இன்னிக்கு எப்படி இருக்கோ அப்படியே நிக்கும்."

இளங்குரல் வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. இருமலோடு இருக்கட்டும், இதோடு நின்றால் போதும் என்றுதான் இருந்தது அவளுக்கு. ரகுவீர் ஒயர் மாட்டி ஒரு பகல் முழுதும் பதிந்துகொண்டு போனார். மூன்று வாரம் கழித்து எதிர்வீட்டு போனுக்குக் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

"அம்மா, ஏழாவது பாட்டுல முன்னாடி இருமல் இருந்துச்சா?"

"இல்லியேப்பா. நாலு, ஆறு, ஒம்போதுதான்."

"இப்ப இருக்கு. ரெண்டு நாளா என் கம்ப்யூட்டர்லயும் இருக்கு." அந்த இடத்தைப் போனிலேயே போட்டுக் காட்டினார். "வார்த்தையும் விட்டுப்போகுது. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலம்மா."

"நீ இன்னாப்பா பண்ணுவ" என்றாள் சலோமி. அவர் பிறகு கூப்பிடவில்லை.

வார்த்தை விட்டுப்போனது உண்மைதான். ஒரு வாரம் 'சொல்லு' போனது, மறு வாரம் 'கண்ணு' போனது. பேண்ட் அதன் தாளத்தில் போய்க்கொண்டே இருக்க, அவன் வாயைத் திறந்து தேடிக்கொண்டிருப்பான். சலோமி ஸ்பீக்கரிடம் குனிந்து அந்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பாள். சில சமயம் அவன் பிடித்துக்கொண்டதுபோல் இருக்கும். அந்தச் சில சமயத்தை வைத்துக்கொண்டுதான் அவள் அந்த முடிவுக்கு வந்தாள்.

வயசான புருஷனிடம் பெண்டாட்டி மறைத்து வைக்கக் கூடாத விஷயங்கள் சில உண்டு என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. இருபத்தெட்டு வயசுக்காரனுக்கு அது தெரியாமல் இருந்ததே நல்லது. ஐம்பத்தேழு வயசுக்காரன், சாகப்போகிறவன், தெரிந்துகொண்டு போகவேண்டாமா? ஒரு ஞாயிறு மதியம் கதவைச் சாத்தினாள். மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது டேப் ரிக்கார்டருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"உனுக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு" என்றாள். "ஒம்போது நாள் இருந்துச்சு. தல நெறைய முடி. ஒன் காதுதான் அதுக்கு, மேல மடிஞ்சாப்பல. ஞானஸ்நானம் குடுக்கறதுக்குள்ள போய்டுச்சு, பேரு வெக்கல. நான் மட்டும் ஒரு பேரு சொல்லிக் கூப்ட்டுக்கினு இருந்தேன். தெபோராள்னு. பால் குடிக்கத் தெம்பில்ல அதுக்கு. விரல்ல தொட்டுத் தொட்டு வெச்சேன். ஒன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு வந்தது, இருமல் வரவேண்டிய இடத்தில் இருமல் வந்தது. பதினோராவது முடிந்து பொத்தான் தானாக எழும்பியது. அவள் கேசட்டைத் திருப்பி மூன்றாவது பாட்டை மறுபடி போட்டாள். அதே அடி, அதே தேடல், அதே மூச்சு. அவள் சொன்னது விழுந்த இடத்தில் ஒரு தயக்கம், ஒரு பிசிறு, ஏதாவது இருக்குமா என்று காதை ஒட்டிவைத்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை. நான்கு முறை போட்டுக் கேட்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்குக் கேட்கவில்லை, இந்த மூன்று வருஷத்தில் அவள் சொன்ன ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கஷாயமும் பழமும் முறைவைத்துப் போனதும் எதுவும் அவன் இருக்கும் ஆழத்துக்குப் போய்ச் சேரவில்லை. அவன் அங்கே தனியாகத்தான் மூப்படைந்திருக்கிறான். மேலே வெயில் இருக்கிறதா என்று கேட்டதற்கு, இருக்கு என்று ஊரே இத்தனை வருஷம் சொன்ன பதிலையும் அவன் கேட்டதில்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தயாளன் செவ்வாய்க்கிழமைதோறும் போய், "நான் வந்துட்டேன்டா" என்று சொல்லிவிட்டு உட்காருவதை அவள் பார்த்திருக்கிறாள். அவனிடம் எப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கேசட்டைப் போடுவதை நிறுத்தவும் இல்லை. பூ வைத்துக்கொள்வதை மட்டும் விட்டாள்.

ஐப்பசி மழையில், ஒரு ஞாயிறு, எலியேசர் செத்தான். இரண்டாவது பாட்டில் முதல் அடியைப் பாடிவிட்டு மூச்சை வெளியே விட்டான், இழுக்கவில்லை. பேண்ட் அவனுக்காக ஒரு சுற்று காத்திருப்பதுபோல் சுற்றி வந்து, அவன் இல்லாமலே மேலே போனது. மூன்றாவது பாட்டிலும் அவன் இல்லை. நான்காவதில் இருமலும் இல்லை. சலோமி பதினோராவது முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். வாசலுக்கு வந்தபோது, மழையில் நனைந்துகொண்டு அமுதவல்லி நின்றிருந்தாள், அவளுக்குப் பின்னால் தயாளன், அவனுக்குப் பின்னால் கம்பவுண்டர், நாற்பது வீட்டுக்காரர்களும். அவரவர் வீட்டிலும் நின்றுபோயிருந்தது.

அடக்கம் செய்யவேண்டும் என்றார்கள். பாஸ்டர் பழைய ரெஜிஸ்டரை எடுத்துவந்து காட்டினார். எழுபத்தைந்தாம் வருஷத்துப் பக்கத்தில் எலியேசரின் அடக்கம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. ஒரு ஆளை ஒரு தடவைதான் எழுத முடியும் என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். சுகவீனமானவர்கள் பட்டியலிலிருந்து பேரை எடுத்தார். அதைத் தவிர அவர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. மூன்று நாள் பக்கத்து வீடுகளிலிருந்து சலோமிக்குச் சாப்பாடு வந்தது. நான்காம் நாள் அவள் காலை ரயிலைப் பிடித்தாள்.

பாட்டுகள் மறுபடி மிஞ்சின. கிட்டார், டிரம், ஆர்மோனியம், எழுபத்து நான்காம் வருஷத்து ஆட்கள் கொஞ்சமும் களைக்காமல் வாசித்த பதினோரு இசைகள், நடுவில் பாட ஆள் இல்லாமல். முதலில் யாரும் தொடவில்லை. வருஷம் ஒன்று போனது. அமுதவல்லியின் மகள் கல்யாணத்துக்குப் பாட்டுக் கச்சேரி வைக்கவேண்டும் என்றும், பாடுகிற பையன் கிடைத்துவிட்டான், வாசிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை என்றும் பேச்சு வந்தபோது, யாரோ அந்தக் கேசட்டைச் சொன்னார்கள். அமுதவல்லி கூச்சத்தோடு வந்து நின்றாள்.

"ஒனக்கு மனசு கஷ்டம்னா வேணாம்க்கா."

"எடுத்துக்கினு போ" என்றாள் சலோமி. "சும்மாதானே கெடக்குது."

கல்யாணம் அன்று பகலில், மன்றத்தில், அவள் பெண்களோடு நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பையனுக்கு நல்ல குரல். எலியேசரின் வார்த்தைகள் அவனுக்குத் தெரியாது. மணமக்களை வாழ்த்தி வேறு வார்த்தைகளைப் போட்டுக்கொண்டான். இரண்டாவது பாட்டில், எலியேசர் தொடங்கும் இடம் வந்தபோது, பையன் ஒரு கணம் தாமதித்தான். அந்த இடைவெளியில் கேசட்டிலிருந்து ஒரு பெண் சிரிப்பது கேட்டது. மேடைக்கு மிகப் பக்கத்திலிருந்து, யாரோ கண்ணடித்ததற்குச் சிரிப்பதுபோல, அடக்கப் பார்த்து முடியாமல், வாய்விட்டு ஒரு சிரிப்பு. முப்பது வருஷமாக அவன் குரல் அதன்மேல் ஏறிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் அது கேட்டதில்லை. இருபத்திரண்டு வயசுச் சிரிப்பு. அதற்கு ஒரு நாள்கூடக் கூடியிருக்கவில்லை.

மன்றத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. மணப்பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு தடவை போடச் சொன்னார்கள், போட்டார்கள்.

"யாருக்கா அந்தப் பொண்ணு?" என்று அமுதவல்லி குனிந்து கேட்டாள். "ஒனக்குத் தெரிஞ்சிருக்குமே."

சலோமி கவனித்துக் கேட்டாள். அந்தச் சிரிப்பை எங்காவது கேட்டிருக்கிறோமா என்று மெய்யாகவே யோசித்துப் பார்த்தாள்.

"தெரிலம்மா" என்றாள். "யாரோ."